சின்ன எஞ்சினுக்குச் சரியான வரைபடம் எங்கே கிடைக்கும்?



வீட்டுப் பட்டறையில் நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைச் சிறிய அளவில் செய்து ஓட்டுவது பலருக்குப் பொம்மை வேலையாகத் தோன்றலாம். ஆனால் இந்த எஞ்சினின் அடுப்பில் மெய்யாகவே நிலக்கரி எரிகிறது. செம்புக் கொதிகலனில் தண்ணீர் கொதித்து, சதுர அங்குலத்துக்கு 80, 90 பவுண்டு அழுத்தத்தில் நீராவி சிலிண்டருக்குள் பாய்கிறது. பின்னால் கோத்த வண்டியில் பெரியவர்கள் நான்கைந்து பேர் அமர்ந்தாலும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இப்படி ஒன்றைச் செய்து முடிக்க ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு ஆவது சாதாரணம்.

இந்தக் கலைக்குத் தாய்வீடு பிரிட்டன். 1898ஆம் ஆண்டு பெர்சிவல் மார்ஷல் என்பவர் ‘மாடல் எஞ்சினியர்’ என்ற இதழை அங்கே தொடங்கினார். தச்சர், ஆசிரியர், மருத்துவர், ஆலைத் தொழிலாளி என்று பலதரப்பட்டவர்களும் அந்த இதழைப் படித்து வீட்டில் லேத் இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் அனுபவப்பட்டவர்களிடம் எது கடினம் என்று கேட்டால், கடைவதும் துளையிடுவதும் பழகினால் வந்துவிடும், நம்பத்தகுந்த வரைபடமும் அதற்குப் பொருந்தும் பாகமும் கிடைப்பதுதான் பெரும்பாடு என்பார்கள்.

காரணம் எளிது. வரைபடத்தில் உள்ள பிழை உடனே தெரிவதில்லை. சட்டத் தகடு வெட்டியாயிற்று, சக்கரம் கடைந்தாயிற்று, அச்சுகள் ஏறிவிட்டன. நான்காம் ஆண்டில் சிலிண்டரைப் பொருத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கும்போதுதான் குறுக்குத்தலை முன்சக்கரத்தின் கிராங்க் முனையில் இடிக்கிறது. எங்கோ 2 மில்லிமீட்டர் தவறு. அதைச் சரிசெய்ய எதைக் கழற்றுவது? சிலிண்டரையா, சட்டத்தையா? பாதியில் நின்றுபோன எஞ்சின்கள் பல இந்தக் கேள்வியில்தான் நின்றிருக்கின்றன.

எந்த ஆண்டின் எஞ்சின்?

ஒரு பெயரைச் சொல்லி அதன் வரைபடம் வேண்டும் என்று கேட்பதே முதல் தவறு. உலகப் புகழ்பெற்ற ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1923இல் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து வெளிவந்தபோது அதன் எண் 1472. மறு ஆண்டு அது 4472 ஆயிற்று. 1947இல் அதிக அழுத்தம் தாங்கும் புதிய கொதிகலனுடன் ஏ3 என்னும் வகையாக மாற்றப்பட்டது. பிறகு எண் 60103 ஆனது. 1950களின் இறுதியில் ஒற்றைப் புகைபோக்கி இரட்டையானது. 1961இல் இரு பக்கமும் புகைத் தடுப்புத் தகடுகள் வந்தன. 1963இல் பணியிலிருந்து விலக்கப்பட்டுத் தனியார் கைக்கு வந்ததும் பழைய தோற்றத்துக்குத் திரும்பியது. ஓட்டுநர் நிற்கும் பக்கம்கூட இடையில் வலமிருந்து இடமாக மாறியது. ஆக, ஒரே எஞ்சினுக்குப் பல உருவங்கள். 1934ஆம் ஆண்டின் எண்ணையும் 1961ஆம் ஆண்டின் தகடுகளையும் சேர்த்துச் செய்தால், விவரம் அறிந்தவர் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிடுவார்.

ஆகவே கட்டப்போகிறவர் முதலில் ஓர் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும். கூடுமானால் தேதியிட்ட ஒரு புகைப்படத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆலைகள் எடுத்த அதிகாரப்பூர்வப் படங்கள் மிகத் தெளிவானவை. எஞ்சினுக்குச் சாம்பல் வண்ணம் பூசி நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டுமே எடுத்திருப்பார்கள். மறுபக்கத்தில் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு வேறு படம் தேட வேண்டும்.

காப்பகத்தில் இருப்பது என்ன?

பிரிட்டனில் முதன்மை ரயில் பாதைகளின் நீராவிச் சேவை 1968 ஆகஸ்டு மாதத்தில் முடிவுக்கு வந்தது. பட்டறைகள் மூடப்பட்டபோது வரைபடங்களில் பல குப்பைக்குப் போயின. தப்பியவற்றில் பெரும்பகுதி யார்க் நகரத்தில் 1975இல் திறக்கப்பட்ட தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள பொறியியல் வரைபடங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் மேல். பட்டறை வாரியாகப் பட்டியல்கள் உண்டு. வரைபட எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டணம் செலுத்தினால் பிரதி பெறலாம். ‘இந்த எஞ்சினின் படங்கள் எல்லாம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதுகிறவர்களுக்குப் பதில் கிடைப்பது தாமதமாகும். எண்ணோடு எழுதுகிறவர்களுக்கு வேலை எளிது. இதைத் தவிர, வரலாற்று மாதிரி ரயில்வே சங்கம் போன்ற ஆர்வலர் அமைப்புகளும் வரைபடங்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன.

காப்பகப் படங்களின் வலிமையைக் காட்ட ஒரு பெரிய சான்று உண்டு. அது மாதிரி எஞ்சின் அன்று, முழு அளவு எஞ்சின். ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை எஞ்சின்கள் 1948, 1949ஆம் ஆண்டுகளில் 49 கட்டப்பட்டன. 1966க்குள் அத்தனையும் உடைக்கப்பட்டன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1990இல் ஆர்வலர்கள் அறக்கட்டளை ஒன்றை அமைத்து, ஐம்பதாவது எஞ்சினைப் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்கு ஆதாரமாக இருந்தவை யார்க்கில் கிடைத்த மூல வரைபடங்கள்தாம். ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு செலவில், 2008ஆம் ஆண்டு ‘டொர்னேடோ’ என்ற அந்த எஞ்சின் தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. ஆனால் வரைபடத்தை அப்படியே நகலெடுத்தார்களா என்றால் இல்லை. கொதிகலனை ஜெர்மனியின் மைனிங்கன் ஆலையில் செய்வித்தபோது ஆணி அறைந்து இணைக்கும் பழைய முறையை விட்டுப் பற்றவைப்பு முறைக்கு மாற்றினார்கள். பழைய வரைபடத்தை எந்த இடத்தில் மீறலாம் என்று அறிந்து மீறினார்கள். சிறிய எஞ்சின் செய்கிறவருக்கும் இந்தத் தெளிவு தேவை.

வரைபடங்களில் வகை உண்டு. ‘பொது அமைப்புப் படம்’ என்பது முழு எஞ்சினையும் ஒரே தாளில் காட்டும். பார்ப்பதற்கு எல்லாம் இருப்பதுபோல் தோன்றும். அளவுகள் குறைவாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனியே உள்ள விவரப் படங்களில்தான் மெய்யான அளவுகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் திருத்தக் குறிப்புகளும் தேதியும் இருக்கும். சோம்பல் படாமல் அவற்றைப் படிக்க வேண்டும். எந்த ஆண்டு எஞ்சின் என்ற முதல் கேள்விக்கு விடை பல நேரங்களில் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று. தாளின் மேல் அளவுகோலை வைத்து அளக்கவே கூடாது. துணியில் வரைந்த மூலம் காலப்போக்கில் சுருங்கியிருக்கும். பிரதி எடுக்கும் இயந்திரம் நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டும் அல்லது குறைக்கும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக் காற்றுள்ள நாடுகளில் காகிதமே விரியும். எண்ணால் எழுதிய அளவை மட்டும் நம்ப வேண்டும். எழுதாத அளவு தேவைப்பட்டால், அருகில் எழுதியிருக்கும் ஓர் அளவோடு ஒப்பிட்டு விகிதத்தால் கணக்கிட வேண்டும்.

கணக்கு எங்கே உதவும், எங்கே உதவாது?

பிரிட்டனின் பெரிய ரயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். மாதிரி எஞ்சின்களில் பரவலாக வழங்கும் பாதைகள் 3½ அங்குலம், 5 அங்குலம், 7¼ அங்குலம். 5 அங்குலப் பாதைக்கு விகிதம் ஏறத்தாழ 11.3இல் ஒன்று. அதாவது பெரிய எஞ்சினில் ஓர் அடி என்றால் மாதிரியில் 27 மில்லிமீட்டர். ஓர் அங்குலம் என்றால் 2¼ மில்லிமீட்டர். ஏ1 வகையின் ஓட்டுசக்கரம் 6 அடி 8 அங்குல விட்டம். மாதிரியில் அது 180 மில்லிமீட்டர். பட்டறைச் சுவரில் இந்த 2¼ என்ற எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆனால் நெருப்பும் நீரும் நம் விகிதத்துக்குக் கட்டுப்படா. பெரிய கொதிகலனில் புகைக்குழாய்கள் சுமார் 2 அங்குல விட்டத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும். அதை அப்படியே குறுக்கினால் குழாய் 4½ மில்லிமீட்டர் ஆகும். சாம்பல் சில நிமிடங்களில் அடைத்துவிடும். ஆகவே மாதிரியில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டுகிறார்கள். இதற்குக் கெய்லர் என்பவரின் கணக்கு ஒன்று நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகிறது. குழாயின் உள்விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கப்படுத்தி, 50 முதல் 70 வரையிலான எண்ணால் பெருக்கினால் பொருத்தமான நீளம் கிடைக்கும். உள்விட்டம் 0.44 அங்குலம் என்றால், 60 மடங்கில், நீளம் சுமார் 11½ அங்குலம். சக்கரத்தின் ஓரமும் அப்படியே. சின்னத் தண்டவாளத்தில் தடம் புரளாதிருக்க, விகிதத்தைவிட அகலமாகச் செய்கிறார்கள். அந்தக் கூடுதல் அகலம் வெளியே தள்ளுவதால்தான் முன்சொன்ன கிராங்க் முனை இடிக்கிறது. மூல வரைபடம் சரியாகவே இருந்தும் மாதிரி பிழையாகும் இடம் இது.

அதனால்தான் வீட்டுப் பட்டறைக்கென்றே தனியாக வரையப்பட்ட வடிவமைப்புகள் தோன்றின. இதில் முன்னோடி, எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ். 1883இல் பிறந்து 1967இல் மறைந்தவர். தாம் வேலை பார்த்த ரயில்வேயின் முதலெழுத்துகளையே புனைபெயராக்கிக்கொண்டார். சின்னக் கொதிகலனில் நிலக்கரி எரியாது, சாராய விளக்கே போதும் என்று விற்பனையாளர்கள் சாதித்த 1920களில், 2½ அங்குலப் பாதையில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற நிலக்கரி எஞ்சினைக் கொண்டு ஆள்களை இழுத்துக் காட்டி வாயடைத்தவர் அவர். வரைபடமும் செய்முறையும் சேர்ந்ததைச் ‘சொல்லும் இசையும்’ என்பார். அவருடைய ‘டிச்’ என்னும் நான்கு சக்கரக் குட்டி எஞ்சின் புதியவர்கள் பலருக்கு முதல் பாடமாக அமைந்தது.

இத்தகைய வடிவமைப்புகள் இதழில் தொடராக வந்தவை. முதல் பகுதியைப் பார்த்துச் சட்டம் வெட்டியவர், ஆறு மாதம் கழித்து வரும் பகுதியில் குழாய்க்கு இடமில்லை என்று கண்டுகொள்வார். திருத்தம் பிறகு வாசகர் கடிதப் பகுதியில் ஒரு மூலையில் வரும். தொகுத்து விற்கப்பட்ட வரைபடத் தாளில் அந்தத் திருத்தம் ஏறியிருக்கும் என்று உறுதி கூற முடியாது. வாங்குகிறவர் தாளோடு நின்றுவிடாமல், அந்தத் தொடர் வந்த காலத்து இதழ்களையும் அதற்குப் பிந்திய ஓரிரு ஆண்டுக் கடிதங்களையும் தேடிப் படிப்பது நல்லது. அதே எஞ்சினைக் கட்டி முடித்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசினால் இன்னும் நல்லது. அவர் பென்சிலால் குறித்து வைத்த தாள் புதிய தாளைவிட மதிப்பு மிக்கது.

இப்போது கணினி கைகொடுக்கிறது. சட்டம், சக்கரம், தண்டுகள் அனைத்தையும் கணினியில் வரைந்து, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டால் எங்கே இடிக்கிறது, வால்வு சரியான நேரத்தில் திறக்கிறதா என்பது உலோகத்தைத் தொடுமுன்பே தெரிந்துவிடும். கணினி தெரியாதவர்கள் அந்தக் காலத்தவர்போல் கனத்த அட்டையில் தண்டுகளை வெட்டி, குண்டூசி குத்திச் சுற்றிப் பார்க்கலாம்.

வார்ப்பும் திருகும்

சக்கரம், சிலிண்டர் போன்றவற்றை வார்ப்பாக விலைக்கு வாங்குவதே வழக்கம். வாங்குமுன் சக்கரத்தின் ஆரைகளை எண்ண வேண்டும். விட்டம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறொரு வகை எஞ்சினின் சக்கரத்தையே இதற்கும் விற்பது உண்டு. கிராங்க் பகுதியின் உருவத்தையும் புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். சிலிண்டரையும் சக்கரத்தையும் முதலிலேயே வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். இது சிறு தொழில். உரிமையாளர் ஓய்வு பெற்றால் மரப்படிவங்கள் கைமாறும், சில காணாமலே போகும். ஏழு ஆண்டு கழித்துக் கேட்டால் ‘அது இப்போது வருவதில்லை’ என்ற பதில்தான் மிஞ்சும்.

கிடைக்காத வார்ப்பைச் செய்வித்துக்கொள்ளவும் வழியுண்டு. கணினியில் வரைந்த உருவத்தை முப்பரிமாண அச்சில் எடுத்து, அதைப் படிவமாகக் கொடுத்தால் உள்ளூர் வார்ப்பாலையிலேயே வார்க்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கும், வெண்கலம் ஒன்றரைப் பங்கும் சுருங்கும். 180 மில்லிமீட்டர் சக்கரத்தில் அது 1.8 மில்லிமீட்டர். அதற்கு மேல் கடைவதற்கான கனமும் வேண்டும். இரண்டையும் கூட்டாமல் படிவம் செய்தவரின் சக்கரம் கடைந்து முடிக்கும்போது சின்னதாகிவிடும். அதைப் பெரிதாக்க எந்த லேத்தாலும் முடியாது.

திருகுகளும் தலைவலி தருபவை. பழைய வடிவமைப்புகள் பி.ஏ. என்னும் பிரிட்டிஷ் சிறு திருகு அளவுகளைக் கேட்கும். 0 பி.ஏ. 6 மில்லிமீட்டர்; 4 பி.ஏ. 3.6, 6 பி.ஏ. 2.8. மெட்ரிக் திருகு மட்டுமே கிடைக்கும் ஊரில், சட்டம் போன்ற இடங்களில் 6 பி.ஏ.க்குப் பதிலாக 3 மில்லிமீட்டர் திருகு போடுவதில் குற்றமில்லை. ஆனால் கொதிகலனில் பொருத்தும் வால்வு, அழுத்தமானி ஆகியவற்றுக்கு அங்குலத்துக்கு 32 அல்லது 40 புரி கொண்ட நுண்புரித் திருகுகள் வழக்கம். கால் அங்குலத்தையும் 6 மில்லிமீட்டரையும் ‘ஏறக்குறைய ஒன்றுதானே’ என்று கலந்து முறுக்கும் கைவேலை அங்கே ஆகாது. மறுபக்கம் இருப்பது கொதிக்கும் நீர்.

கொதிகலனைப் பொறுத்தவரை பழைய வரைபடத்தின் மேல் எவ்வளவு மதிப்பிருந்தாலும், செம்புத் தகட்டை வெட்டுமுன் தகுதியுள்ள சோதனையாளர் ஒருவரிடம் அதைக் காட்டிவிட வேண்டும். தகட்டின் கனம், தாங்கு கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்றுக்கொள்ளப்பட்டது இன்று ஏற்கப்படாமல் போகலாம். பிரிட்டிஷ் சங்கங்களில் புதிய கொதிகலனைக் குளிர்ந்த நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இருமடங்கு ஏற்றிச் சோதித்த பிறகே சான்றிதழ் தருகிறார்கள். மலேசியாவில் கொதிகலன்கள் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் பார்வையில் வருபவை. முன்கூட்டியே கேட்டறிவது செலவையும் மிச்சப்படுத்தும்.

மலாயா எஞ்சினைச் செய்ய விரும்புவோருக்கு

பிரிட்டிஷ் எஞ்சின்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. மலாயா ரயில்வேயில் 1938 முதல் ஓடிய மூன்று சிலிண்டர் கொண்ட 56ஆம் வகை எஞ்சின்கள் கிளாஸ்கோ நகரின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டியவை. ஊர்ப் பெயர்களைத் தாங்கி ஓடியவை. அந்த நிறுவனம் 1962இல் மூடப்பட்டது. அதன் ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. கிளாஸ்கோவிலும் யார்க்கிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. தேடுகிறவர் எல்லா வாசல்களையும் தட்ட வேண்டும்.

இதில் ஓர் அனுகூலம் மறைந்திருக்கிறது. மலாயாவின் பாதை ஒரு மீட்டர் அகலம். அந்த எஞ்சினை 3½ அங்குலப் பாதைக்குச் செய்தால் விகிதம் 11¼இல் ஒன்று. பிரிட்டிஷ் எஞ்சினை 5 அங்குலப் பாதைக்குச் செய்யும் விகிதமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே 5 அங்குல எஞ்சின்களுக்கென்று கடையில் விற்கும் விளக்கு, கைப்பிடி, அழுத்தமானி, ஆணித்தலை ஆகியவை 3½ அங்குலத்தில் ஓடும் மலாயா எஞ்சினுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பாதை அளவைப் பார்த்து ‘இது நமக்கு ஆகாது’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

வரைபடம் கிடைக்காத பாகங்களுக்குப் பாதுகாக்கப்பட்ட எஞ்சினை நேரில் அளப்பதே வழி. 56ஆம் வகையில் ‘தெமர்லோ’ என்னும் எஞ்சின், எண் 564.36, கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் வைத்துப் பாதுகாக்கப்பட்டது. இத்தகைய எஞ்சினை அளக்கப் போகிறவர் முதலில் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இருவராகப் போவது நல்லது. ஒருவர் நாடாவைப் பிடிக்க, மற்றவர் எழுதலாம். கறுப்பு வெள்ளைக் கோடிட்ட ஒரு மீட்டர் கழியைப் பாகத்தோடு ஒட்டி வைத்து, கேமராவைத் தூரத்தில் நிறுத்தி, நேர் எதிரே இருந்து படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று சாய்த்து எடுத்த படத்தில் அளவு எடுக்க முடியாது. முக்கியமான அளவுகளை இரண்டு முனையிலிருந்தும் அளந்து, கூட்டுத்தொகை ஒத்துவருகிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிட வேண்டும். அந்த எஞ்சின்கள் அடி, அங்குலத்தில் வரையப்பட்டவை என்பதால், மில்லிமீட்டரில் 609 அல்லது 610 என்று வந்தால் அது 2 அடி என்று கொள்ளலாம். வண்ணப்பூச்சின் கனத்தையும் மறக்காமல் கழித்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் எஞ்சினுக்கு ஆண்டுதோறும் பூசிப் பூசி அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேலேயே ஏறியிருக்கக்கூடும்.